கணக்குக் கேட்கும் உரிமை

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக்குச் செல்வோர் ஆற்றையும் கோயிலையும் கண்டு திரும்புவர். கோயிற்சுவரைப் படிப்போர் மிகச் சிலரே. எனினும், அச்சுவர் கூறும் செய்தியொன்று அரசியற் பணியில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கது.

ஆயிரம் ஆண்டுகட்கு முன், முதலாம் இராசராசன் அக்கோயிலைக் கற்றளியாகப் புதுக்கிக் கட்ட ஆணையிட்டான். பழைய கட்டடத்தை இடிக்கும் முன்னர், அதில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். பணி முடிந்த பின், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், அவை மீண்டும் சுவரில் பொறிக்கப்பட்டன. பழைய சுவர் போயிற்று, கணக்குப் போகவில்லை. பொதுச் சொத்தின் கணக்குப் பொதுவிடத்தில், எவர் கண்ணிலும் படும்படி நிற்கவேண்டும் என்ற அறிவு அன்றே இம்மண்ணில் இருந்தது.

மன்னராட்சிக்குப் பரணி பாட இதனை நாம் எழுதவில்லை. கல்லில் எழுதப் பணித்தவன் மன்னன். எழுதியதைப் படித்துவிட்டு ஆள்வோனை மாற்றும் உரிமை கொள்ளிடக்கரை உழவனுக்கு இருந்ததில்லை. அவ்வுரிமை மக்களாட்சி தந்தது. மன்னன் காலத்தில் கணக்கு இருந்தது, கேட்பார் இல்லை. இன்று கேட்கும் உரிமை இருக்கிறது, நாம் கேட்கிறோமா? இதுவே இன்று நம்முன் உள்ள வினா.

அரசியல் என்பது கோட்டையில் நடப்பது, தலைவர்கள் நடத்துவது, தொண்டர்கள் கைதட்டுவது என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உண்டு. அஃது அரைகுறை எண்ணம். அரசு ஆணையிடுகிறது, ஏடுகள் அவ்வாணையின் விளைவை எடுத்துரைக்கின்றன, மக்கள் அதனை எடைபோட்டுத் தீர்ப்பளிக்கின்றனர். இம்மூன்றில் ஒன்று உறங்கினாலும் மற்ற இரண்டும் கெடும். இதற்குச் சான்று தேடி அயல்நாட்டுக்குச் செல்லவேண்டுவதில்லை. திருமழபாடிக்கு வடக்கே, அரியலூருக்கே செல்வோம்.

1956 நவம்பர் 23. பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு வண்டி, விடியுமுன் அரியலூரைக் கடந்து, ஆற்றுப் பாலத்தில் ஏறிற்று. வெள்ளத்தால் வலுவிழந்திருந்த பாலம் தாங்கவில்லை. பெட்டிகள் ஆற்றில் வீழ்ந்தன. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு வாங்கியவர்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

அவ்வாண்டிலேயே, சில திங்கள்களுக்கு முன், மகபூப்நகரில் நடந்த இரயில் விபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். அப்போது இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் தந்தார். இம்முறை நேரு ஏற்றார். விபத்துக்குச் சாஸ்திரி நேர்ப்பொறுப்பாளர் அல்லர் எனினும், அரசியற் கடமைக்கு முன்மாதிரி அமையவேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் கூறினார்.

பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி அல்லர். வண்டியை ஓட்டியவரும் அவர் அல்லர். ஆயினும் ஏன் விலகினார்? பொறுப்பு என்பது ஊதியத்தோடும் காரோடும் முடிவதன்று என்பதனை அவர் உணர்ந்திருந்தார். மாற்றார் முகாமைச் சேர்ந்தவரே ஆயினும், நல்ல செயலை நல்லதென்று சொல்வதில் நமக்குக் குறைவொன்றுமில்லை.

ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. சில திங்கள்களில், 1957-இல், பொதுத்தேர்தல் வந்தது. அரியலூரின் பெயர் தமிழகத்து மேடைகளில் முழங்கிற்று, சுவர்களில் எழுதப்பட்டது. இரயில்வே துணை அமைச்சராயிருந்த ஓ.வி. அழகேசன் செங்கற்பட்டுத் தொகுதியில் தோல்வியுற்றார். அத்தோல்விக்கு அரியலூர் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லோம். எனினும், ஆற்றில் மாண்டவர்களை மக்கள் மறக்கவில்லை, மறக்க ஏடுகளும் மேடைகளும் விடவில்லை என்பதனை எவரே மறுப்பர்?

மக்கள் மறவாமை, ஏடுகளின் இடையறா எழுத்து, ஆள்வோரின் மனச்சான்று ஆகிய மூன்றும் ஒருங்கே வேலை செய்த நிகழ்ச்சி அது. மூன்றில் ஒன்று இல்லாதபோது என்ன நேரும்? 1943-இல் வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அயலாட்சி உண்மையை மூடி மறைத்தது. மக்களுக்கோ வாக்கில்லை, வாயுமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஏடு, தெருவில் மாண்டு கிடந்தோரின் படங்களை வெளியிட்ட பிறகே உலகம் திடுக்கிட்டது. அவ்வேடு ஆங்கிலேயர் நடத்தியது! தம்மவர் ஆட்சியின் குறையைத் தாமே எழுதிய துணிவு அது. கட்சி ஏடு நடத்தும் நமக்கும் அதில் பாடமுண்டு. மாற்றார் குறையை எழுதுவது எளிது. நம்மவர் குறையை எழுதுவதே ஏட்டின் நேர்மைக்கு உரைகல்.

அந்த உரைகல்லில் இன்று ஒன்றை உரைத்துப் பார்ப்போம்.

ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டே ஆயுள், அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாகவேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் திட்டவட்டமாகக் கூறுகிறது. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி! தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமையால் நிதி ஆணையத்தின் மானியமும் தடைப்பட்டது. அத்தேர்தலில் வந்தவர்களின் காலம், அரியலூர், பெரம்பலூர் உள்ளிட்ட மாவட்டங்களில், 2025 சனவரி 5-இல் முடிந்தது. அப்போதும் உரிய நாளில் தேர்தல் இல்லை. மீண்டும் தனி அலுவலர்கள். முதன்முறை ஆண்டது ஒரு கட்சி; மறுமுறை ஆண்டது வேறு கட்சி. வழக்கு என்றனர், வார்டு வரையறை என்றனர். காரணங்கள் மாறின, காலி நாற்காலி மாறவில்லை.

"அலுவலர்கள் படித்தவர்கள், வேலை நடக்கிறதே, தேர்தல் வந்தால் ஊரில் சாதிச் சண்டையல்லவா வரும்?" என்று கேட்போர் உண்டு. வேலை நடக்கலாம். தெருவிளக்கும் எரியலாம். ஆனால், விளக்கு எரியாத நாளில் உழவர் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்? தலைவர் ஊரில் இருப்பார். அடுத்த தேர்தலில் வந்து நிற்கவேண்டியவர். அலுவலர் மாற்றலாகிப் போவார். அவரை மக்கள் வாக்கால் நீக்க முடியாது. சாதிச் சண்டைக்கு அஞ்சித் தேர்தலை ஒதுக்குவதாயின், சட்டமன்றத் தேர்தலையும் ஒதுக்கலாமே! அதற்கு எவரும் இசையார். குடிசைவாழ் பெண்ணும் ஒடுக்கப்பட்ட உழவரும் ஒதுக்கீட்டின் வழியே தலைவராக அமரக்கூடிய நாற்காலி ஊராட்சி மன்றத்து நாற்காலி. அது காலியாக இருக்கும்போது முதலில் இழப்பவர் அவர்களே.

ஆகவே, தொண்டர் செய்யவேண்டுவது யாது? கிராமசபைக்குச் செல்லுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களும் 2022-இல் சேர்க்கப்பட்டன. அங்கே வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள்; படித்தது விளங்கவில்லையெனில் மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். விடை கிடைக்காவிடின், தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 1997-லேயே தமிழகம் அத்தகைய சட்டம் இயற்றியது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் விடை தரவேண்டும். கிடைத்த விடையை ஏட்டுக்கு எழுதுங்கள். ஆனால், சரிபார்த்து எழுதுங்கள். கைப்பேசியில் வந்ததையெல்லாம் உண்மையென்று பரப்புவது, பொய்க்கணக்கை நாமே சுவரில் பொறிப்பதற்கு ஒப்பாகும்.

நம் கட்சி ஆளும் இடத்தில் இதைச் செய்தால் கட்சிக்குக் கேடல்லவா என்று எவரேனும் கேட்பின், கேடில்லை என்போம். தொண்டன் கேட்காத கேள்வியை வாக்காளன் கேட்பான், வாக்குச்சாவடியில்! அப்போது விடை சொல்ல நேரமிராது.

சோழன் காலத்துச் சுவர் இடிபடும் முன் கணக்கைப் படியெடுத்து வைத்தனர். நம் காலத்தில் சுவர் நிற்கிறது. அதிலுள்ள கணக்கைப் படிக்கும் கண்களே வேண்டும். அக்கண்கள் தொண்டர்களுடையனவாக இருக்கட்டும். அடுத்த கிராமசபை நாளில், திருமழபாடியில் மட்டுமன்று, ஒவ்வோர் ஊரிலும், "எங்கள் ஊர்க் கணக்கைப் படியுங்கள்!" என்ற குரல் எழட்டும்.