வலியதும் தக்கதும்

'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்பது நம் நாட்டுப் பழமொழி. உலகியலில் காணும் முறைகேட்டைச் சுட்ட எழுந்த இம்மொழியை இயற்கையின் சட்டம் என்றே கருதுவாரும் உளர். வலியது எளியதை அழித்து வாழ்வதே உயிர்களின் நியதி என்றும், டார்வின் என்னும் அறிஞர் அதனை மெய்ப்பித்துவிட்டார் என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்றுப் பிழையுடையது, தீங்கும் பயப்பது.

1859ஆம் ஆண்டில் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு, மூன்று உண்மைகளின்மேல் நிற்கின்றது. ஓரினத்துள்ளும் ஓருயிர் மற்றோருயிரை முற்றும் ஒத்திருப்பதில்லை. அவ்வேறுபாடுகளுட் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. பிறப்பன எல்லாம் பிழைத்து இனம் பெருக்குவதும் இல்லை. ஆதலின், சூழலுக்கு இயைந்த பண்புடையவை மிகுதியாகப் பிழைத்து, அப்பண்பைத் தம் வழித்தோன்றல்களுக்கு அளிக்கின்றன. இம்மாற்றம் நெடுங்காலம் தொடருங்கால் புதிய இனங்களும் தோன்றுகின்றன.

இதனைக் கண்ணாரக் கண்டவர்களும் உண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளுக்கு டார்வின் 1835இல் சென்றார். அத்தீவுகளுள் ஒன்று, தாப்னே மேஜர் என்னும் சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் தம்பதியர் 1973 முதல் பல்லாண்டுகள் அங்குள்ள தரைக்குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் பூட்டி ஆராய்ந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் விரைவில் தீர்ந்தன. எஞ்சியவை பெரும்பாலும் பெரிய, கடிய விதைகளே. நம் தரிசு நிலங்களில் காலைக் குத்தும் நெருஞ்சியின் இனத்துச் செடி ஒன்று அங்கும் உண்டு. அதன் முட்காயை உடைக்கப் பெரிய அலகு வேண்டும். அவ்வறட்சியில் பத்தில் எட்டுக் குருவிகளுக்கு மேல் மடிந்தன. பிழைத்தவற்றுள் பெரிய அலகுடையவையே மிகுதி. அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் முன்னையவற்றினும் பெரிய அலகு பெற்றிருந்தன.

இங்கு ஒன்று கருதத்தக்கது. எந்தக் குருவியும் முயன்று தன் அலகை வளர்த்துக்கொள்ளவில்லை. பெரிய அலகும் சிறிய அலகும் முன்னரே இருந்தன. வறட்சி ஒன்றைத் தேர்ந்தது. கொல்லன் உழைத்துப் பெற்ற தோள்வலிமை அவன் மகனுக்குப் பிறப்பிலேயே வாய்ப்பதில்லை அன்றோ? வழிவழி வருவன பெற்றோரின் கருவணுக்களில் அமைந்த கூறுகளே. அக்கூறுகள் இயங்கும் முறையை மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு ஆராய்ந்து 1866இல் வெளியிட்டார்.

அங்ஙனமாயின் பெரிய அலகே என்றும் வெல்லுமோ? வெல்லாது. 1983இல் அத்தீவில் பெருமழை கொட்டியது. சிறு விதைகள் பெருகின. பின்வந்த ஆண்டுகளில் சிறிய அலகுடையவை மிகுதியாகப் பிழைத்தன. முன்பு தக்கதாயிருந்தது பின்பு தகாததாயிற்று. எனவே, தகுதி என்பது வலிமை அன்று. இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ற இயைபே ஆகும்.

'தக்கன பிழைக்கும்' என்னும் தொடரை முதலில் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்பார். டார்வின் அதனைப் பின்னரே ஏற்றார். அத்தொடரைத் திரித்து, மக்களுள் தக்கார் இவர், தகாதார் இவர் என வகுக்கத் துணிந்தோர் பலர். ஜெர்மனியில் 1933இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றினால், வழிவழி நோயுடையோர் எனப்பட்ட ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மகப்பேறு இழக்குமாறு வலிந்து அறுவை செய்யப்பட்டனர். அறிவியலின் பெயரால் நிகழ்ந்த கொடுமை அது.

வறண்ட ஆண்டில் சிறிய அலகுடையவை அறவே ஒழிந்திருப்பின், மழை மிக்க ஆண்டில் அவ்வினத்தின் நிலை யாதாகும்? வேறுபாடு குறையன்று, வருங்காலத்திற்கென வைத்த சேமநிதி. மேலும், இயற்கையில் நிகழ்வது வேறு; மனிதர் செய்யத்தக்கது வேறு. வறட்சிக்கு இரக்கம் இல்லை, நமக்கு உண்டு. நலிந்தாரைத் தாங்குதல் இயற்கைக்கு மாறு என்பார், இயற்கையையும் அறியார், அறத்தையும் அறியார்.