ஆளுக்கு அங்கி உண்டு, படகுக்கு?

2025 ஜூன் 28-ஆம் தேதி இரவு, திரெங்கானு மாநிலத்தின் பெர்ஹெந்தியான் தீவுப் பகுதியில் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு படகு அலையில் சிக்கிக் கவிழ்ந்தது. மூவர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் குழந்தைகள். பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை என்ற தகவல் வெளிவந்ததும் நாடு முழுவதும் அதைப் பற்றியே பேசினார்கள். அது பேசியே ஆக வேண்டிய விஷயம்தான். அங்கி இல்லாமல் யாரும் படகில் ஏறக்கூடாது.

ஆனால், ஒவ்வொரு படகு விபத்துக்குப் பிறகும் நாம் கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு சிறிய படகுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால், அந்தப் படகு மிதக்குமா, மூழ்குமா?

கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல இது. நான் வசிக்கும் ஸ்ரீ கெம்பாங்கானில் கடல் இல்லை. பழைய ஈயச் சுரங்கக் குழிகள் ஏரிகளாக மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையிலும் மாடியிலும் உதவிக்காகக் காத்துக் கிடந்தனர். மீட்புப் படகுகள் போதவில்லை. தன்னார்வலர்கள் கிடைத்த படகுகளைக் கொண்டு வந்து இறக்கினார்கள். 2018-இல் கேரள வெள்ளத்தின்போதும் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். ஆக, சிறிய ஃபைபர் படகு என்பது இன்று நகரவாசிகளுக்கும் உயிர்காக்கும் கருவி. அதன் தரத்தைப் பற்றி நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டுமரம் ஏன் மூழ்குவதில்லை?

ஐந்தாம் படிவ இயற்பியலில் ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைப் படித்திருப்பீர்கள். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். மரம் நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே நம் முன்னோர் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தின் மீது எத்தனை அலை அடித்தாலும் அது மிதக்கும். அதில் தண்ணீர் நிறைய உள்ளறையே கிடையாது. ஆங்கிலேயர் ‘கேட்டமரன்’ என்ற சொல்லைத் தமிழிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

ஃபைபர் படகின் கதை வேறு. கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த அந்தப் பலகை, நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. படகு மிதப்பதற்குக் காரணம் அதன் பொருள் அல்ல, அதன் வடிவம். குழிந்த வயிற்றுக்குள் காற்று இருக்கும்வரை மிதக்கும். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், பின்புறம் தொங்கும் இயந்திரம் முதலில் கீழே இழுக்கும். பிறகு முழுப் படகும் அடிக்குப் போய்விடும்.

இதற்கான தீர்வுதான் நுரை. படகின் இரட்டைச் சுவர்களுக்கு இடையிலும் இருக்கைகளுக்கு அடியிலும் பாலியூரிதேன் நுரையை நிரப்புகிறார்கள். அதன் நுண்ணிய அறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பதால், படகில் ஓட்டை விழுந்தாலும் அந்த இடத்துக்குள் தண்ணீர் புக முடியாது. வெறும் காற்றுப் பெட்டி வைத்தால் ஒரே ஒரு விரிசல் போதும், அது பயனற்றதாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கூடு மட்டும் 240 கிலோ உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதன் பொருளின் அடர்த்தி நீரைப்போல் 1.6 மடங்கு என்றால், மூழ்கிய நிலையில் அது 150 லிட்டர் நீரை விலக்கும். 150 கிலோ எடையை நீரே தாங்கிக்கொள்ளும். மீதி 90 கிலோ. இயந்திரமும் மின்கலமும் சேர்ந்து 100 கிலோ என்றால், நீருக்குள் அவை ஏறத்தாழ 70 கிலோவாக இழுக்கும். மொத்தம் 160 கிலோ.

ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ எடையுள்ள நுரையில் ஒரு லிட்டர், தன் எடை போக 968 கிராம் தாங்கும். அப்படியானால், இந்தப் படகு மூழ்காமல் இருக்க மட்டும் ஏறக்குறைய 165 லிட்டர் நுரை வேண்டும். நீர் நிறைந்த படகில் ஐந்து பேர் அமர்ந்திருக்க, தலைக்கு 20 கிலோ கூடுதலாகத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 270 லிட்டர் தேவை. வீட்டில் பயன்படுத்தும் 20 லிட்டர் குடிநீர்க் கலன்கள் பதினான்கு பிடிக்கும் இடம் அது. படகு கட்டுபவருக்கு இது செலவு. பயணிக்கு இது கண்ணில் படாத பொருள். அதனால்தான் இதைக் குறைத்துவிடும் ஆசை எளிதில் எழுகிறது.

அளவு மட்டும் போதாது, இடமும் முக்கியம். எல்லா நுரையையும் தளத்துக்கு அடியில் வைத்தால், நீர் நிறைந்த படகு குப்புறக் கவிழ முயலும். மிதக்கும் பொருள் மேலே வரவும் கனமான பொருள் கீழே போகவும் துடிக்கும் அல்லவா? பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி உயரத்தில் வைத்தால், படகு நீர் நிறைந்த நிலையிலும் நிமிர்ந்தே நிற்கும். இயந்திரத்தின் கனத்தைச் சமாளிக்கப் பின்புறத்திலும் போதிய நுரை வேண்டும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவில் ‘பாஸ்டன் வேலர்’ படகை உருவாக்கிய டிக் ஃபிஷர், 1961-இல் ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர் முன்னிலையில் தம் 13 அடிப் படகில் அமர்ந்தபடியே அதை ரம்பத்தால் இரண்டாக அறுக்க வைத்தார். பிறகு இயந்திரம் இருந்த பின்பாதியை ஓட்டிக்கொண்டு போனார். அது விளம்பரம்தான். ஆனால், சிறிய படகை மூழ்காதபடி கட்ட முடியும் என்பதை எல்லாருக்கும் காட்டியது. பின்னர் அது சட்டமாகவும் ஆனது. 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான இயந்திரப் படகுகளில் மிதவைப் பொருள் இருந்தே ஆக வேண்டும். வெளிப்புற இயந்திரம் பூட்டிய படகுகள் நீர் நிறைந்தாலும் சமநிலையில் மிதக்க வேண்டும் என்ற விதி அங்கு 1978 முதல் நடப்பில் உள்ளது.

மாறாக, 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நல்லெண்ணத்தோடு அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட ஃபைபர் படகுகளில் பல தரம் குறைந்தவை என ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் எச்சரிக்க நேர்ந்தது. பேரிடர் நேரத்து நன்கொடையிலும் தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதன் பாடம்.

நுரை ஒரு மந்திரம் அல்ல

நுரை இருப்பதால் படகு கவிழாது என்று நினைக்கக்கூடாது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் எந்தப் படகும் கவிழும். நுரை அதன் பிறகுதான் உதவுகிறது: பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் இருக்கும், மீட்க வருபவர்கள் கண்ணுக்குத் தெரிய ஒரு பெரிய பொருள் இருக்கும். தண்ணீரில் தத்தளிக்கும் ஒரு தலையைவிட, மிதக்கும் ஒரு படகைக் கண்டுபிடிப்பது எளிது.

நுரைக்கும் வயதாகும். ஆண்டுக்கணக்கில் தளத்துக்கு அடியில் நீர் தேங்கினால், அறைகள் சிதைந்து அது நீரை உறிஞ்சத் தொடங்கும். தாங்க வேண்டிய பொருளே பாரமாகிவிடும். மலிவான வெள்ளைப் போலிஸ்தரீன் நுரையோ பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும்.

எனவே என் கருத்து இதுதான். வெள்ள மீட்புக்காகப் படகு வாங்கும் குடியிருப்போர் சங்கங்களும் ஆலயங்களும் பொது இயக்கங்களும் விலையையும் இயந்திரத்தின் குதிரைத்திறனையும் மட்டும் கேட்கக்கூடாது. எத்தனை பேர் ஏறலாம், நுரை எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று எழுத்தில் கேட்க வேண்டும். முடிந்தால் ஆழமில்லாத நீரில் படகை வேண்டுமென்றே நிரப்பிப் பார்த்த பிறகு பணம் கொடுக்க வேண்டும். பயணிகள் படகுகளிலும் இந்த விவரம் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு தகட்டில் பொறிக்கப்பட வேண்டும். அதிகாரிகள் அங்கிகளை எண்ணிப் பார்ப்பதோடு இதையும் சோதிக்கலாம்.

மாணவர்களே, தேர்வில் ஆர்க்கிமிடிஸ் கேள்விக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கலாம். அடுத்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தீவுக்குச் செல்லும்போது, படகில் ஏறுமுன் அங்கியை இறுக்கிக் கட்டுங்கள். அப்படியே படகோட்டியிடம், “அண்ணே, தண்ணி நிறைஞ்சாலும் இந்தப் படகு மிதக்குமா?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் சிரிக்கலாம். ஆயிரம் பேர் கேட்டால் படகு கட்டுபவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.