சின்னக் கோடு... பெரிய கோபம்!



தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தன் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர் அது. அங்கே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் செய்த 'குற்றம்' என்ன தெரியுமா? மேடையில் பேசியதுதான்! அதற்காக 1908-ல் ஆங்கிலேய அரசு அவரைச் சிறையில் தள்ளியது. சிறையில் தொழுநோயும் அவரைப் பிடித்துக்கொண்டது.

பேசியதற்கே இவ்வளவு தண்டனை. படம் போட்டால் சும்மா விடுவார்களா?

சிவாவின் நண்பர் பாரதியார். 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழை நடத்தியவர். தமிழில் அரசியல் கார்ட்டூனுக்கு முன்னோடி இந்த இதழ்தான். ஆட்சியாளர்களைக் கிண்டல் செய்யும் படம்; கீழே அதற்கு விளக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விஷயம் புரிந்துவிடும். அரசுக்குக் கோபம் வராதா? 1908-ல் கைது நடவடிக்கை தொடங்கியது. பாரதியார் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். இதழும் அங்கே போனது. ஆனால், 1910-ல் நின்றுவிட்டது.

அதே 1908-ல், பிரான்ஸ் நாட்டில் ஒரு வேடிக்கை! எமில் கோல் என்ற கார்ட்டூனிஸ்ட் சுமார் 700 படங்களை வரைந்து, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, வேகமாக ஓட்டிக் காட்டினார். கோட்டு மனிதன் நடந்தான், விழுந்தான், எழுந்தான்! 'ஃபான்டாஸ்மகோரி' என்ற அந்தப் படம் ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. கையால் வரைந்த அனிமேஷனின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 1928-ல் வந்த மிக்கி மவுசும், 2008-ல் வந்த நம்ம சோட்டா பீமும் அந்தக் கோட்டு மனிதனின் பேரப்பிள்ளைகள்தான்!

ஓடும் கார்ட்டூன் சிரிக்க வைக்கிறது. ஓடாத கார்ட்டூனோ சிலரை ஓட வைத்திருக்கிறது! அமெரிக்காவில் ட்வீட் என்ற அரசியல்வாதி மக்கள் பணத்தைச் சுருட்டினார். தாமஸ் நாஸ்ட் அவரை விடாமல் வரைந்தார். சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடிய ட்வீட், 1876-ல் அங்கே பிடிபட்டார். எப்படி? நாஸ்ட் வரைந்த படத்தை வைத்தே அடையாளம் கண்டுவிட்டார்கள்!

பிரான்சில் கதை தலைகீழ். மன்னரைப் பணம் விழுங்கும் பூதமாக வரைந்தார் தோமியே. 1832-ல் அவருக்கு 6 மாதச் சிறை!

'அது மன்னர் காலம், வெள்ளைக்காரன் காலம்' என்று நினைக்கிறீர்களா? 1987-ல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த அட்டைப்பட ஜோக்குக்காக, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்தது தமிழகச் சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களில் விடுதலையானார். பிறகு நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

2025 பிப்ரவரியில் மீண்டும் ஒரு சர்ச்சை. பிரதமர், அமெரிக்க அதிபர் இருவரையும் வைத்து வந்த கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. 'வெளிநாட்டு நட்பைக் கெடுக்கும்' என்றது மத்திய அரசு. 'கருத்துச் சொல்வது எங்கள் உரிமை' என்றது விகடன். மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது.

யோசித்துப் பாருங்கள் குட்டீஸ். ஒரு படம் பிடிக்கவில்லை என்றால், அது தவறு என்று சொல்லலாம். பதிலுக்கு இன்னொரு படம் போடலாம். பூட்டுப் போட ஆரம்பித்தால், நாளை உண்மையைச் சொல்லும் படத்துக்கும் அதே பூட்டுதான்!

வரைபவருக்கும் பொறுப்பு உண்டு. ஒருவரின் செயலைக் கிண்டல் செய்யலாம். நிறத்தையோ, ஊனத்தையோ, சாதியையோ கிண்டல் செய்வது கார்ட்டூன் அல்ல, கொடுமை. எளியவரைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன வீரம்?

உங்கள் தெருவில் குழாய் ஒழுகுகிறதா? விளக்கு எரியவில்லையா? பென்சிலை எடுங்கள்... வரையுங்கள். பேசியதற்காகச் சிறை போன சிவா இருந்திருந்தால், உங்கள் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்!