புல்வெட்டும் ரோபோவும் முள்ளெலியும்

ஜெர்மனியில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் புல்தரை இருந்துவிட்டால், அதை ஒட்ட வெட்டி வைப்பது ஒரு கௌரவப் பிரச்சினை. புல் கணுக்காலைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையே மாறிவிடும்! இன்று பல வீடுகளில் அந்த வேலையை ரோபோ செய்கிறது. ஆமை மாதிரி ஒரு பெட்டி. அடியில் சுழலும் தட்டு, அதில் சவர பிளேடு போன்ற சின்னக் கத்திகள். ஸ்வீடனின் ஹஸ்க்வார்னா நிறுவனம் 1995-ல் சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்தக் கதை ஓடுகிறது.

வாங்கி வந்து தரையில் விட்டால் மட்டும் போதாது. முதலில் தோட்டத்தை அதற்காகத் தயார் செய்ய வேண்டும். புல்லை ஒருமுறை கையால் குட்டையாக வெட்டி, குழிகளை மண் போட்டு நிரப்பி, கல், குழாய், பொம்மை, உதிர்ந்த ஆப்பிள் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். பிறகு ஓரக் கம்பி. புல்தரையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியை முளையடித்தோ மண்ணில் புதைத்தோ ஓட்டி, சார்ஜ் ஆகும் நிலையத்தில் இணைப்பார்கள். கம்பியில் ஓடும் சிக்னலை உணர்ந்து ரோபோ திரும்பிவிடும். நடுவில் பூப்பாத்தி இருந்தால் கம்பியை அங்கே கொண்டுபோய், பாத்தியைச் சுற்றி, போன வழியிலேயே ஒட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அருகருகே ஓடும் இரண்டு கம்பிகளின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ரோபோ அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். (பள்ளியில் படித்த இயற்பியல் எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்!) கம்பியே வேண்டாத, செயற்கைக்கோளையும் கேமராவையும் நம்பி ஓடும் வகைகளும் வந்துவிட்டன.

சரி, இவ்வளவு ஏற்பாடும் யாருக்காக? இயந்திரம் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. தோட்டத்தில் ஏற்கெனவே குடியிருப்பவரை யாரும் கேட்பதில்லை.

அவர் முள்ளெலி. (முள்ளம்பன்றி அல்ல, அது வேறு. தமிழ்நாட்டிலும் முள்ளெலியில் ஒரு இனம் உண்டு.) பகலில் புதருக்கடியில் தூங்கி, இரவில் வண்டும் புழுவும் தேடி வருவார். ஆபத்து வந்தால் ஓடமாட்டார், சுருண்டு உருண்டையாகி அப்படியே கிடப்பார். நரியிடம் பலிக்கும் இந்த வித்தை சுழலும் கத்தியிடம் பலிக்குமா?

2021-ல் வெளியான ஒரு ஆய்வில், டென்மார்க் ஆய்வாளர் சோஃபி லுண்ட் ராஸ்முசென் குழுவினர் 18 ரோபோக்களை இறந்த முள்ளெலிகளின் முன்னால் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முள்ளெலியைத் தொடாமல் உணர்ந்த ரோபோ ஒன்றுகூட இல்லை. சில தொட்டுவிட்டுத் திரும்பின, சில வெட்டின. 200 கிராமுக்குக் குறைவான குட்டிகளையோ எதுவுமே கண்டுகொள்ளவில்லை. ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் 2023 செப்டம்பர் வரை மின் தோட்டக் கருவிகளால் வெட்டுப்பட்ட 370 முள்ளெலிகள் பதிவாயின. கிட்டத்தட்ட பாதி பிழைக்கவில்லை. 2024-ல் அந்த இனம் 'அச்சுறுத்தலை நெருங்கும்' பட்டியலுக்குப் போனது. அதே ஆண்டு கொலோன் நகரம் இந்த ரோபோக்களை இரவில் ஓட்டத் தடை போட்டது.

"பகலில் குழந்தைகள் விளையாடுவார்கள், அதனால்தான் இரவில் ஓட்டுகிறோம்" என்பார்கள் சிலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே? சாதாரண வீட்டுத் தோட்டத்துக்கு அந்தச் சில மணி நேரம் தாராளம். உண்மையான காரணம் வேறு: இது சத்தம் போடாது. பழைய பெட்ரோல் இயந்திரத்தை நள்ளிரவில் ஓட்டினால் தெருவே திரண்டு வந்திருக்கும். சத்தமில்லாததால் யாருக்கும் உறுத்தவில்லை.

கம்பி பதிக்கும் அந்த ஒரு நாளில் மிச்ச வேலையையும் முடித்துவிடலாம். ஆப்பிள் பொறுக்குகிறவர்கள் ஓட்டும் நேரத்தையும் காலை பத்துக்கு மேல், மாலை நான்குக்குள் என்று வைக்கட்டும். கம்பியைப் புதருக்குள் நுழைக்காமல் இரண்டடி தள்ளிப் போட்டு, ஒரு மூலையைச் சருகோடு விட்டுவைக்கட்டும். வேலிக்கு அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு ஓட்டை போட்டால் முள்ளெலி அடுத்த தோட்டத்துக்கும் போய்வரும். பக்கத்து வீட்டு ரோபோ எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.