கிற்றாரின் முனகல்

கண்டி மாநகரில் மேடைக் கச்சேரிகளுக்குச் செல்லும் அன்பர்கள் ஓர் ஒலியை நன்கு அறிவர். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. வாத்தியக்காரர் வாளா நிற்கிறார். ஆயினும் குடத்துள் அகப்பட்ட வண்டுபோல ஒரு முனகல் ஒலிபெருக்கியிலிருந்து எழுந்தவண்ணம் இருக்கிறது. மின் கிற்றார் என்றால் இப்படித்தான் என்று இளைஞர் பொறுத்துக்கொள்கின்றனர். பெரியோரோ இதன்பொருட்டே அவ்வாத்தியத்தை வெறுக்கின்றனர். இரு சாராரும் வீண்பழி சுமத்துகின்றனர் என்பதே நமது துணிபு. அந்த முனகல் கிற்றாரினுடையது அன்று. நமது வீட்டு மின்சாரத்தினுடையது.

மின் கிற்றாரின் உயிர்நிலை 'பிக்கப்' எனப்படும் சிறு பெட்டியாகும். தந்திகளின் கீழே பதிந்திருக்கும் அதனுள் காந்தமும், அதைச் சுற்றிய காவலிட்ட செப்புக் கம்பிச் சுருளும் உள. 1831 இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே, நம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் அதே பாடமே, இங்கு தொழிற்படுகிறது. உருக்குத் தந்தி அதிரக் காந்தப்புலம் அசைகிறது; சுருளில் மெல்லிய மின் பிறக்கிறது. (நைலோன் தந்தி பூட்டிய கிற்றாருக்கு இதனாற் பயனில்லை.) அமெரிக்கரான ஜோர்ஜ் பீச்சம் 1930களின் தொடக்கத்தில் இதனைச் செய்து காட்டி, 1937 இல் காப்புரிமை பெற்றார். சுருளின் கம்பி தலைமயிர் அளவே தடிப்புள்ளது, ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர். ஒரு பிக்கப்பில் எண்ணாயிரம் சுற்றுகள் வரை இருத்தல் உண்டு.

அத்தனை சுற்றுள்ள சுருள் தந்தியின் அசைவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்குமா? நமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஊசலாடும் ஆடலோட்டம். அருகிலுள்ள குழல்விளக்கும் மின்மாற்றியும் எழுப்பும் புலத்தையும் சுருள் வாங்கிக்கொள்கிறது. முனகலின் பிறப்பு இதுவே. கிப்சன் நிறுவனத்திற் பணியாற்றிய சேத் லவர் என்பார் 1955 இல் இதற்கொரு மாற்றுக் கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் சுற்றுத் திசையையும் காந்த முனையையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிரெதிராய்ப் பிறந்து அழிந்துபோகிறது. தந்தியின் ஓசையோ, திசையும் முனையும் இருமுறை மாறியமையால், ஒன்றோடொன்று கூடுகிறது. 'ஹம்பக்கர்' என்பது இதன் பெயர். கணக்கிலே மறையும் மறையும் பெருகி நேராவதை ஒரு வாத்தியத்திற் காண்பது இன்பமன்றோ!

இலங்கையில் 1960களின் பிற்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினருடன் சிங்கள மெல்லிசையில் மின் கிற்றாருக்கு இடந்தேடிக் கொடுத்தார். தமிழிலே நித்தி கனகரத்தினமும், 2018 இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தனர். அந்த மோகத்தில் வாங்கிய கிற்றார்கள் சில நம் பக்கத்து வீடுகளில் அலுமாரிகளின்மேல் இன்னும் உறங்குகின்றன. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் மாணவர் ஒருவர், காலஞ்சென்ற தம் மாமாவின் கிற்றாரைப் பேசவைக்க வேண்டுமென்று மாற்றுப் பிக்கப் ஒன்றைத் தருவித்திருக்கிறார். 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 350க்கு மேல் ஏறியபின், புதுக் கிற்றார் மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாயிற்று. தந்தையாரோ, "கரண்டோடு விளையாடாதே தம்பி" என்று பிடிவாதமாய்த் தடுக்கிறார். அவர் அச்சத்திற் பாதி நியாயமானது. எந்தப் பாதி என்பதே கேள்வி.

கிற்றாரினுள் ஓடும் மின் ஒரு வோல்ற்றுக்கும் குறைந்தது. அதனால் ஒருவருக்கும் ஊறு நேராது. பழைய பிக்கப்பைக் கழற்றுமுன் அது உண்மையிற் பழுதுதானா என்று பல்மானி கொண்டு பார்க்க வேண்டும். கம்பிகளை விடுவித்து அளந்தால், ஒற்றைச் சுருளெனில் 6 அல்லது 7 கிலோ ஓம் அளவிற் காட்டும். முடிவிலி காட்டினாற் சுருள் அறுந்தது. மலைநாட்டு ஈரத்தில் மயிரளவுக் கம்பி பச்சை பூத்து அறுவது புதுமையன்று. ஆயின் பல வேளைகளிற் குற்றம் பிக்கப்பிலன்றி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுந் தடையிலோ, கயிறு செருகும் துளையிலோ இருக்கும். புதுச் சுருளுக்குக் காசு கொடுத்தபின் இதனைக் கண்டுபிடிப்பது துயரம்.

பழைய இணைப்புகளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்துக்கொள்ளுதல் நன்று. கம்பிகளின் நிறமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உடன்வரும் தாளையே நம்ப வேண்டும். ஹம்பக்கர் பூட்டுவதாயின் 250 கிலோ ஓம் தடையை 500 ஆக மாற்றுவது வழக்கம். இன்றேல் ஓசை மங்கிக் கேட்கும்.

இனிப் பற்றாசு. பாடநூலிலே பற்றாசு, கடைத்தெருவிலே 'சோல்டரிங் ஈயம்' என்றால்தான் தருவார்கள். வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு சேர்ந்த கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். ஈயத்தைக் கோலின் நுனியில் உருக்கி அப்புவது தவறு. இணைக்க வேண்டிய உலோகங்களைச் சூடாக்கி, அவற்றின்மேல் ஈயத்தை வைத்தால் நீர்போற் பரவும். ஆறும்வரை கம்பி அசையலாகாது. அசைந்தால் சாம்பல் நிறமான பொய்யிணைப்பாகி ஒரு வாரத்தில் விட்டுப்போகும். எழும் புகை பெரும்பாலும் மரப்பிசினுடையது. இழுப்பு நோயுள்ளோர்க்கு ஆகாது. யன்னலைத் திறந்து வைக்க; காரீயம் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியே உணவு தொடுக.

தந்தையாரின் நியாயமான பாதி வேறிடத்தில் இருக்கிறது. கிற்றாரின் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலத்திலிருந்து ஒரு கம்பி உள்ளே சென்று புவித்தொடுப்போடு சேரும். கயிற்றின் வழியே தந்திகள் யாவும் ஒலிபெருக்கியின் உடலோடு இணைந்துவிடுகின்றன. ஒலிபெருக்கி பழுதுற்று, அதற்குப் புவித்தொடுப்பும் இல்லையெனின், தந்தியே மின்தந்தியாகும். 1972 இல் வேல்சின் சுவான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் கிற்றார் கலைஞர் மேடையிலேயே, புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு உயிர்நீத்தார். அவருக்கு வயது 27. நம் வீடுகளிலோ மூன்று துளைச் செருகியிற் பேனா முனையைக் குத்தி இரண்டு முனைப் பிளக்கை நுழைப்பது நாளாந்தக் காட்சி. முனகலைத் தணிக்கவென்று புவிக்கம்பியை வெட்டிவிடும் 'வித்தகர்'களும் உளர். அவர்களிடம் வாத்தியத்தைக் கொடுக்கலாகாது. ஒலிபெருக்கியின் உட்புறத்தை மாணவர் திறக்கவே வேண்டாம். பழைய வால்வுக் கருவியின் கொள்ளளவிகள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும்.

வேலை முடிந்தபின், பாலத்துக்கும் செருகுதுளையின் வெளி உலோகத்துக்கும் இடையே பல்மானியை வைத்துப் பார்க்க. சுழியை அண்மித்த தடை காட்டினாற் கம்பி சரி. பின்னர், முறையான மூன்று முனைப் பிளக் உள்ள ஒலிபெருக்கியில் ஓசையைச் சிறிதளவே வைத்து, திருகாணிச் சாவியால் பிக்கப்பின் தலையில் மெல்லத் தட்டுக. 'டொக்' என்று கேட்டால் சுருள் உயிரோடிருக்கிறது. தந்தி ஆறையும் அதன் பின்னர்க் கட்டலாம்.