பேரனின் இன்னொரு பெயர்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். பிளஸ் ஒன் படிக்கும் பேரன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் விளையாட்டில் கிடந்தான். "என்ன தாத்தா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. விளையாட்டுப் பைத்தியம் என்று நினைத்து நான் படுத்துவிட்டேன்.

மறுநாள்தான் சொன்னான். கூட விளையாடும் கோயம்புத்தூர்ப் பையனின் அப்பாவை அன்று மாலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பையன் வீட்டில் தனியாக இருந்திருக்கிறான். என் பேரனும் இன்னும் இரண்டு பேரும் அவனுக்குப் பேச்சுத் துணையாக இருந்திருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தது நான்.

அதற்குப் பிறகுதான் நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் பற்றிய ஆவணப்படத்தைப் பேரன் எனக்குப் போட்டுக் காட்டினான். 2024இல் வந்த படம். மாட்ஸுக்குத் தசைகள் நாளுக்கு நாள் நலியும் டுஷேன் நோய். சக்கர நாற்காலி வாழ்க்கை. 2014இல் 25 வயதில் இறந்துபோனான். நண்பர்கள் இல்லாமல், விளையாட்டிலேயே பிள்ளையின் காலம் போய்விட்டதே என்று பெற்றோருக்கு வருத்தம். மகனின் வலைப்பூவில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவன் பெயர் இபெலின். அங்கே அவன் திடகாத்திரமானவன், ஓடுகிறவன், மற்றவர்களின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவன். நெதர்லாந்துப் பெண் ஒருத்தியின் பெற்றோர் அவள் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைத்தபோது, அவர்களுக்குக் கடிதம் எழுதிப் பேசியவன் இவன். இறுதிச் சடங்குக்கு அந்த விளையாட்டு நண்பர்கள் சிலர் வெளிநாடுகளிலிருந்து வந்து நின்றார்கள்.

'அதெல்லாம் பொய்ப் பெயர், பொய் உருவம்' என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் புதுச்சேரிக்காரன் அப்படிச் சொல்லலாமா? 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, குடும்ப வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். நான் வேலை பார்த்த நாட்களில் அந்தக் குடும்பத்து ஆட்கள் எத்தனையோ பேர் என் மேஜைக்கு வந்திருக்கிறார்கள். காகிதத்தில் பிரெஞ்சுப் பெயர் இருக்கும். வெளியே யாராவது 'மாரி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். இதில் எது பொய்? இரண்டுமே அவர்தான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. 'பெர்சோன்' என்றால் ஆள். எதிர்மறையாகச் சொல்லும்போது அதே சொல்லுக்கு 'ஒருவரும் இல்லை' என்று அர்த்தம். அதன் லத்தீன் மூலமோ நாடகக்காரர்கள் அணிந்த முகமூடி. திரைக்குப் பின்னால் இருப்பவரை 'ஒருவரும் இல்லை' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

இதனால் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு ஏமாற்றுகிறவனும் அங்கே உண்டு. பணம் கட்டி ஆடுவது, தூக்கம் கெடுவது, படிப்பு போவது எல்லாம் நிஜம். என் வீட்டிலும் இப்போது பத்தரை மணிதான் கணக்கு. ஆனால் அந்த நேரத்தைப் பேரனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். நண்பனுக்கு அவசரம் என்றால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். 'எத்தனை மணி நேரம் ஆடினாய்?' என்று கேட்பதற்கு முன்னால் 'யாரோடு ஆடினாய்?' என்று கேளுங்கள். மாட்ஸின் பெற்றோருக்கு அந்தப் பதில் மகன் போன பிறகுதான் கிடைத்தது. நமக்கு இப்போதே கேட்க வாய்ப்பு இருக்கிறது.

கோயம்புத்தூர்ப் பையனின் அப்பா வீடு திரும்பிவிட்டாராம். நேற்று பேரனே வந்து சொன்னான்.