எல்லாருக்கும் ஒரே ரயர் எண்டா நியாயமா?

2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராம் ஓடுபாதையில் நடந்த மோட்டோஜிபி போட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏழாவது சுற்று ஞாபகம் இருக்கும். முன்னுக்குப் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ் திடீரென்று வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த தன்னுடைய தம்பி அலெக்ஸை முந்த விட்டார். பைக்கில ஏதோ பிழை வந்திட்டுது எண்டுதான் நானும் நினைச்சன். பைக்கில் ஒரு பிழையும் இல்லை. முன் ரயரின் காற்றழுத்தம் போதவில்லை, அவ்வளவுதான்.

விதி இப்படி: பிரதான போட்டியின் அறுபது வீதச் சுற்றுகளிலாவது முன் ரயரில் குறைந்தது 1.8 பார் அழுத்தம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓட்ட நேரத்தோடு 16 செக்கன் தண்டமாகச் சேரும். முன்னுக்கு ஆளில்லாமல் தனியே ஓடினால் காற்றுப் பட்டு ரயர் குளிரும், அழுத்தம் இறங்கும். ஆகவே மார்க்கெஸ் தம்பியின் பைக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து வரும் சூட்டில் தன்னுடைய ரயரைச் சூடாக்கினார். கடைசி மூன்று சுற்றுகள் இருக்கும்போது திரும்ப முந்தி, வென்றும் விட்டார்.

எங்கட பெடியள் பைக்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி "மச்சான், எத்தனை சீசி?" என்பதுதான். இரண்டாவது கேள்வி "ரொப் ஸ்பீட் எவ்வளவு?" உலகத்தின் மிக வேகமான பைக்குகள் ஓடும் போட்டியிலோ ஒருவர் முதலிடத்தையே ரயருக்காகக் கொஞ்ச நேரம் அடைவு வைக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். காரணமும் இருக்கிறது. "இப்ப எல்லாருக்கும் ஒரே ரயர்தானே, அப்ப வெல்லுறவன்தான் கெட்டிக்காரன், தோக்கிறவன் சரியில்லை" எண்டு ஒரு கதை எப்பவும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கதை எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் கொஞ்சம் பௌதிகவியல். (ஓ/எல் பரீட்சையோடு அதைக் கைகழுவினவர்களும் பயப்படத் தேவையில்லை.)

மோட்டோஜிபி பைக் ஒன்று வளைவில் அறுபது பாகைக்கும் மேலாகச் சரியும். அறுபது பாகை சரிவில் சஸ்பென்ஷனை அமத்துகிற பாரம், நேராக நிற்கும்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பாதையில் உள்ள மேடுபள்ளம் சில்லை நேர் மேலே தள்ளும். சஸ்பென்ஷனோ இப்போது பக்கவாட்டாகப் படுத்திருக்கிறது. அந்தத் தள்ளலில் பாதிதான் அது வேலை செய்யும் திசையில் வரும். மிச்சத்தை யார் தாங்குவது? ரயரின் சுவர், முன் போர்க், பின்பக்க ஸ்விங்ஆர்ம், அதோடு சேசிஸ். இவையெல்லாம் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்து கொடுக்கவேண்டும். வளையாவிட்டால் சில்லு ரோட்டை விட்டுத் துள்ளும். அளவுக்கு மிஞ்சி வளைந்தாலோ, கடும் பிறேக் பிடிக்கும்போது பைக் கயிற்றுக் கட்டில் மாதிரி ஆடும். ஆகவே நல்ல சேசிஸ் என்பது பலமான சேசிஸ் அல்ல. பிறேக் பிடிக்கிற திசையில் இறுக்கமாகவும், சரிகிற திசையில் இளக்கமாகவும் இருப்பதுதான் நல்ல சேசிஸ்.

ரயர் வேறு ஒரு கதை. ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடுகிற பகுதி கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு. றேஸ் ரயர் சூடானால்தான் பிடிக்கும். அது சூடாகிறதே தான் நசிந்து, விரிந்து, திரும்ப நசிவதால்தான். நசிய வேண்டுமென்றால் அதில் பாரம் விழவேண்டும். முன் சில்லில் எவ்வளவு பாரம் விழும் என்பதை எஞ்சின் எந்த இடத்தில் இருக்கிறது, ஓட்டுநர் எங்கே இருக்கிறார், ஹாண்டில் தண்டு எவ்வளவு சரிவாக நிற்கிறது, இரண்டு சில்லுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பவைதான் தீர்மானிக்கும். பாரம் போதாவிட்டால் ரயர் சூடாகாது. ரயர் சூடாகாவிட்டால் ஓட்டுநருக்கு நம்பிக்கை வராது. நம்பிக்கை இல்லாதவர் மெதுவாகத்தான் பிறேக் பிடிப்பார், அதனால் ரயர் இன்னும் குளிரும். இந்தச் சுழலில் மாட்டுப்பட்டவர்களைத்தான் நாங்கள் வீட்டிலிருந்து "பயந்திட்டான்" எண்டு சொல்லுறது.

டுக்காட்டியின் கதைக்கு வருவோம். 2007இல் கேஸி ஸ்டோனர் டுக்காட்டியில் பத்துப் போட்டிகளை வென்று உலகச் சம்பியனானார். அப்போது ரயர்ப் போர் நடந்த காலம், மிஷலினும் பிரிட்ஜ்ஸ்டோனும் மோதிக்கொண்டிருந்தன. டுக்காட்டி 2005 தொடக்கமே பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து வேலை செய்தது. அதாவது பைக்கும் ரயரும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. 2009இல் விதி மாறி எல்லாருக்கும் பிரிட்ஜ்ஸ்டோன் என்றானது. அதற்குப் பிறகு ஒரு பைக்குக்காக ரயர் மாறாது. பைக்தான் ரயருக்காக மாறவேண்டும்.

அதே வருடம் டுக்காட்டி தன்னுடைய பழைய இரும்புக் குழாய்ப் பிரேமைக் கைவிட்டது. எஞ்சினையே உடம்பாக வைத்துக்கொண்டு, அதற்கும் ஹாண்டில் தலைக்கும் நடுவில் காபன் பைபரால் செய்த ஒரு பெட்டியைப் பூட்டியது. பாரம் குறைவு, இறுக்கம் அதிகம். கடதாசியில் பார்த்தால் அருமை. ஓட்டியவர்களோ முன் சில்லு என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிவதில்லை என்றார்கள். பிரிட்ஜ்ஸ்டோனின் முன் ரயர் கட்டமைப்பில் இறுக்கமானது, நசிய நிறையப் பாரம் கேட்பது. டுக்காட்டியின் வி4 எஞ்சினோ முன் சிலிண்டர்கள் கிட்டத்தட்டப் படுத்திருக்கிற நீளமான எஞ்சின். அதை வேண்டிய இடத்துக்கு நகர்த்த முடியாது, முன்னுக்குத் தள்ளினால் சில்லில் முட்டும். ஸ்டோனர் 2009இல் நாலு, 2010இல் மூன்று போட்டிகளை வென்றார். முன் சில்லு வழுக்கி விழுந்தும் இருக்கிறார். அவர் வென்றுகொண்டிருந்ததால் பைக்கின் நோய் வெளியே தெரியவில்லை. அவருடைய அணித்தோழர்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 2006 சம்பியன் நிக்கி ஹேடன் டுக்காட்டியில் ஐந்து பருவங்கள் ஓடியும் ஒரு வெற்றி இல்லை. 2005இல் இரண்டாமிடம் பிடித்த மார்கோ மெலண்ட்ரி 2008இல் பதினேழாவதாக முடித்தார்.

2011இல் வலன்ரினோ ரொஸ்ஸி வந்தார். ஏழு முறை உச்சப் பிரிவில் சம்பியனானவர். இரண்டு வருடத்தில் மூன்றே மூன்று முறை மேடை ஏறினார், வெற்றி பூச்சியம். ஸ்டோனரோ ஹொண்டாவுக்குப் போன முதல் வருடமே சம்பியன். உடனே தீர்ப்பு எழுதப்பட்டது: ரொஸ்ஸிக்கு வயசு போட்டுது, ஸ்டோனருக்கு இருந்த தைரியம் அவருக்கு இல்லை. அந்த நேரம் நானும் அதை நம்பினவன்தான். ஆனால் 2013இல் அதே ரொஸ்ஸி யமஹாவுக்குத் திரும்பிப் போய், அதே வருடம் அசெனில் வென்றார். வயசு பின்னோக்கி ஓடாது.

டுக்காட்டி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2012இல் காபனைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பான்காரர் மாதிரி அலுமினியப் பிரேம் போட்டார்கள். அப்படியும் பெரிதாக எதுவும் மாறவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எல்லாரும் காபனைத்தான் குற்றவாளி என்றார்கள். பாரம் தவறான இடத்தில் இருந்தால் பிரேமை எதால் செய்தாலும் ரயர் சூடாகாது. அப்ரிலியாவிலிருந்து ஜீஜி டால்இக்னா 2013 கடைசியில் வந்து, எஞ்சினைப் பின்பக்கமாகச் சுழற்றி, எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கி, 2015இல் புது பைக் ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் விடிந்தது. 2010 பிலிப் ஐலண்டுக்குப் பிறகு டுக்காட்டி அடுத்த வெற்றியைப் பார்த்தது 2016இல், ஒஸ்ரியாவில், அந்திரேயா இயன்னோனேயோடு. ஓட்டுநர் பட்டம் திரும்ப வந்தது 2022இல், பஞ்ஞாயாவோடு. பதினைந்து வருடம்!

"சரி, ஒரே ரயர் வேண்டாம், பழையபடி போர் நடக்கட்டும்" என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலமும் நல்ல காலமில்லை. ஐரோப்பிய ஓடுபாதைகளில் சனிக்கிழமைப் பயிற்சியைப் பார்த்துவிட்டு, மிஷலின் இரவோடிரவாகப் பிரான்ஸில் புது ரயர் சுட்டு, ஞாயிறு காலை தனக்குப் பிடித்த சில ஓட்டுநர்களுக்கு மட்டும் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. மற்றவர்கள் முதல்நாள் ரயரோடு அவர்களோடு ஓடினார்கள். 2007இல் வாரஇறுதிக்குரிய ரயர்களை முன்கூட்டியே தெரிந்து அடையாளமிட வேண்டும் என்று விதி வந்துதான் அது நின்றது. அதோடு ஒப்பிட்டால் ஒரே ரயர் எவ்வளவோ மேல், செலவும் குறைவு. ஒரே ரயரை வைத்திருங்கள், ஆனால் அதுக்கு "சமத்துவம்" எண்டு பேர் வைக்காதேங்கோ. ஒரே அளவுச் சட்டையை வகுப்பு முழுக்கக் கொடுத்தால் சிலருக்குத்தான் பொருந்தும். யாருக்குப் பொருந்தும் என்பதை ரயர்க் கம்பனியின் பொறியியலாளர், தான் நினைக்காமலே, தீர்மானிக்கிறார்.

2020இலும் இதே கதைதான். மிஷலின் பின் ரயரின் கட்டமைப்பை மாற்றியது. பிடிப்பு கூடின ரயர், நல்ல ரயர். முந்தின மூன்று வருடமும் டுக்காட்டியில் இரண்டாமிடம் பிடித்த அந்திரேயா டொவிசியோசோவுக்கு அது ஒத்துவரவில்லை. அவருடைய பலமே பிறேக் பிடித்து வளைவுக்குள் நுழையும் விதம். பின் ரயர் கூடப் பிடித்தபோது அந்த நுழைவு கெட்டது. நாலாவதாக முடித்து, வருடக் கடைசியில் டுக்காட்டியை விட்டும் போனார். மனுசன் மாறவில்லை, கறுப்பு றப்பர்தான் மாறியது.

2027இல் எஞ்சின் 850 சீசியாகச் சுருங்குகிறது, ரயரும் மிஷலினிடமிருந்து பிரெல்லிக்குப் போகிறது. எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கதைப்பார்கள், கதைக்கட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கப் போவது, முதல் பரீட்சார்த்த ஓட்டங்கள் முடிந்து கராஜுக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்களில் யார் முன் சில்லைப் பற்றி முறைப்பாடு சொல்லுகிறார்கள் என்பதைத்தான்.